ஐந்து தொப்பி, ஆறு சிலை: பிள்ளைகளுக்கு ஜப்பானைக் காட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கதையும் ஓவியமும் நடத்துகிறீர்கள். ஒரு மாதம் முழுக்க ஜப்பான் என்று வைத்துக்கொள்ள ஆசை. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் கார்ட்டூனும் நிஞ்சாவும்தான். எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது?

நாங்கள் ஏழு வருடம் ஜப்பானில் இருந்தோம். என் மகள் அங்கேதான் மழலையர் பள்ளிக்குப் போனாள். ஊர் திரும்பிய பிறகு நானும் உங்களைப் போலவே பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். கொடி, தலைநகரம், சுஷி, கிமோனோ என்று அடுக்கிக்கொண்டே போனால் அடுத்த வாரம் பிள்ளைகள் மனதில் ஒன்றும் நிற்காது. அந்த ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் கதை சொல்கிறார்கள், கையில் தாளை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அதையே செய்யுங்கள். சொல்லும் விதத்திலேயே பாதிப் பண்பாடு உள்ளே போய்விடும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு விஷயம் போதும்.

முதல் சனிக்கிழமைக்கு கமிஷிபாய். 'கமி' என்றால் தாள், 'ஷிபாய்' என்றால் நாடகம். 1930களில், வேலை கிடைக்காமல் பலர் திண்டாடிய காலத்தில், டோக்கியோ தெருக்களில் சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டிக்கொண்டு கதைக்காரர்கள் வருவார்கள். தெருமுனையில் நின்று இரண்டு மரக்கட்டைகளைக் 'கச் கச்' என்று தட்டினால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். மிட்டாய் வாங்கிய பிள்ளைக்கு முன்வரிசை. பெட்டிமேல் இருக்கும் சின்ன மரச் சட்டத்தின் கதவைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார்கள். நல்ல கட்டத்தில் 'மீதி நாளைக்கு' என்று மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். மண்டையோட்டு முகமும் பறக்கும் மேலங்கியுமாக 'தங்க வௌவால்' என்று ஒரு வீரன் அந்தப் படங்களில் வந்தான், சூப்பர்மேனுக்கு மூத்தவன். 1953இல் தொலைக்காட்சி வந்தபோது அதற்கு மக்கள் வைத்த பெயரே 'மின்சாரக் கமிஷிபாய்'. தெருக் கதைக்காரர்கள் மெல்ல மறைந்தார்கள். ஆனால் மழலையர் பள்ளிகளும் நூலகங்களும் கமிஷிபாயைக் கைவிடவில்லை.

நாங்கள் இருந்த ஊர் நூலகத்தில் 'ஓஹனாஷிகாய்' என்று கதைக் கூட்டம் நடக்கும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வருவார். மரச் சட்டத்தின் கதவுகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் திறப்பார். படத்தைப் பாதி வரை உருவி அப்படியே நிறுத்திவிடுவார். இந்தப் பக்கம் பழைய படம், அந்தப் பக்கம் புதிய படத்தின் ஓரம். அந்த ஓரத்தில் பனியில் பதிந்த ஒரு கால் மட்டும் தெரியும். யாருடைய கால்? அவர் சொல்ல மாட்டார். இருபது பிள்ளைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மொழி பாதிதான் புரிந்த என் மகளும் அப்படித்தான் இருந்தாள். இந்த இடைவெளிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'மா'. இசையிலும் நாடகத்திலும் பேச்சிலும் வரும் மௌனத்துக்கு அதே சொல்தான். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதி உருவிய படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

செய்வது சுலபம். ஒரு அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை ஜன்னல்போல வெட்டி, ஒரு ஓரத்தில் படங்கள் வழுக்கிக்கொண்டு வர நீளமாக ஒரு கீறல் போட்டால் போதும். அச்சிட்டு வருபவற்றில் 8, 12 அல்லது 16 படங்கள் இருக்கும். உங்களுக்கு எட்டே தாராளம். ஏ3 தாளில், தடித்த கோட்டில், தூரத்திலிருந்து பார்த்தாலும் புரியும்படி வரையுங்கள். ஒரு இடத்தில் எல்லோரும் தவறுவார்கள். முதல் படத்துக்கான வசனத்தை முதல் படத்தின் பின்னால் எழுதிவிடுவார்கள். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாதே! முதல் படத்தின் வசனத்தைக் கடைசிப் படத்தின் முதுகில் எழுத வேண்டும். முதல் படத்தை உருவிக் கடைசியில் செருகினால் அதன் முதுகு உங்கள் பக்கம் திரும்பும். அதில் இரண்டாம் படத்தின் வசனம் இருக்க வேண்டும். எங்கே பாதியில் நிறுத்துவது, எங்கே சட்டென்று உருவுவது என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கதை? என் கையில் விட்டால் எப்போதும் 'கஸா ஜிஸோ'தான். அங்கே இரண்டாம் வகுப்புப் பாடநூல்களிலும் வரும் கதை இது. வருடத்தின் கடைசி நாள். வெளியே பனி. ஒரு ஏழைக் கிழவர், கிழவி. புத்தாண்டுக்கு மோச்சி என்ற இடித்த அரிசிப் பண்டம் செய்ய வீட்டில் அரிசி இல்லை. குடைபோல விரிந்த வைக்கோல் தொப்பிகள் ஐந்தைப் பின்னி எடுத்துக்கொண்டு கிழவர் சந்தைக்குப் போகிறார். ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பும் வழியில், ஊர் எல்லையில் ஆறு ஜிஸோ சிலைகள் பனியில் நனைந்து நிற்கின்றன. கிழவர் ஒவ்வொரு தலையாகப் பனியைத் தட்டிவிட்டு ஒரு தொப்பியை வைத்துக் கட்டுகிறார். தொப்பி ஐந்து, சிலை ஆறு. தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஆறாவது சிலைக்குக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். கிழவி கோபித்துக்கொள்வதில்லை, நல்லது செய்தீர்கள் என்கிறாள். அன்று இரவு வீட்டு வாசலில் ஏதோ கனமாக இறங்கும் சத்தம். கதவைத் திறந்தால் அரிசி, மோச்சி, மீன், காய்கறி. தூரத்தில் தொப்பி போட்ட ஐந்து பேரும் தலையில் துணி கட்டிய ஒருவரும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நான் என்ன செய்வேன் என்றால், ஆறு கூழாங்கற்களில் கண்ணை மூடிச் சிரிக்கும் முகம் வரைந்து வரிசையாக வைப்பேன். பிள்ளைகளையே தாளில் ஐந்து கூம்புத் தொப்பிகள் செய்யச் சொல்வேன். கதையில் அந்த இடம் வந்ததும் வாயைத் திறக்க மாட்டேன். ஒவ்வொருவராக வந்து தொப்பி வைப்பார்கள். ஆறாவது கல் வெறுந்தலையோடு நிற்கும். ஒரு முறை ஐந்து வயதுப் பையன் ஒருவன், சட்டையில் அம்மா பின் குத்தி அனுப்பியிருந்த கைக்குட்டையைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டே என்னிடம் வந்து நின்றான். கிழவர் என்ன செய்தார் என்று நான் அப்போது இன்னும் சொல்லவே இல்லை.

ஜிஸோ யார் என்று கேட்பார்கள். குழந்தைகளையும் வழிப்போக்கர்களையும் காப்பவர் என்று சொன்னால் போதும். பௌத்த மரபில் உயிர்கள் பிறக்கும் உலகங்கள் ஆறு என்பதால் ஆறு சிலைகள் சேர்ந்து நிற்கும். சிலைகளின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், நாம் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கட்டுவதுபோல. கல்லுக்கும் குளிரும் என்று நினைக்கிற அந்த மனசு பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும்.

இந்தக் கதையைத் தமிழில் சொல்லும்போது நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, இரட்டைக்கிளவி. ஜப்பானிய மொழியும் அப்படித்தான். நெஞ்சு படபடத்தால் 'டொக்கிடொக்கி', நட்சத்திரம் மினுமினுத்தால் 'கிராகிரா', மழை சோவென்று கொட்டினால் 'ஜாஜா', சொட்டுச் சொட்டாக விழுந்தால் 'பொட்சுபொட்சு'. காக்கை அங்கேயும் 'கா கா'தான்! பிள்ளைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஷின்ஷின்'. சத்தமே இல்லாமல் பனி பெய்துகொண்டே இருப்பதற்கு ஒரு சத்தம். கிழவர் சந்தையிலிருந்து திரும்பும் படத்தில் எல்லோரும் சேர்ந்து ரகசியக் குரலில் 'ஷின்... ஷின்...' என்று சொல்லட்டும். பனியையே பார்க்காத பிள்ளைக்கும் பனி எப்படி விழும் என்று புரிந்துவிடும். தொடங்கும்போது 'முக்காஷி முக்காஷி' என்று சொல்லுங்கள். நம் 'முன்னொரு காலத்தில்'. நல்லபடியாக முடியும் கதைக்கு 'மெதெதாஷி மெதெதாஷி' என்று முடிப்பார்கள். இந்த இரண்டு சொல் மட்டும் மாதம் முழுக்க வந்தால் போதும், மொழிப் பாடம் வேறு வேண்டாம்.

இரண்டாம் சனிக்கிழமை ஒரே ஒரு படம், ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை. சுமார் 1831இல் வந்தது. ஃபூஜி மலையை வேறு வேறு இடங்களிலிருந்து காட்டும் வரிசையில் ஒன்று. எல்லோரும் இதைச் சுவர் அளவு ஓவியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஏ3 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. அதனால் அதே அளவில் அச்செடுத்துத் தரையில் வைத்துச் சுற்றி உட்காரச் சொல்லுங்கள். முதலில் எதுவும் சொல்ல வேண்டாம். எத்தனை படகு? பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு என்பார்கள். மூன்று இருக்கிறது. படகில் ஆட்கள் எங்கே? குனிந்து ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். மலை எங்கே? இந்தக் கேள்விக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். 3,776 மீட்டர் மலை அலைக்கு அடியில் இன்னொரு சின்ன அலைபோல உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிள்ளை மற்றவர்களுக்குக் காட்டாமல் இருக்கவே முடியாது. நுரை எல்லாம் நகம் மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

அப்புறம் ஹொக்குசாயைப் பற்றி ஒன்றிரண்டு. இந்த அலையை வரைந்தபோது அவருக்கு வயது 70ஐ ஒட்டி. ஆறு வயதிலிருந்து வரைகிறேன், 70 வயதுக்கு முன் வரைந்தது எதுவும் கணக்கில்லை, 110 வயதில் என் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடு இருக்கும் என்ற பொருளில் அவரே எழுதி வைத்தார். 'எனக்கு வரைய வராது' என்று தாளைக் கசக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. 1849இல் இறக்கும்வரை வரைந்தார். 2024 ஜூலையில் வந்த புதிய 1,000 யென் நோட்டின் பின்புறத்தில் இதே அலை இருக்கிறது. தெரிந்தவர் யாராவது ஜப்பானிலிருந்து வந்தால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இது தூரிகையால் தீட்டிய படம் இல்லை, மரக்கட்டை அச்சு. ஓவியர் வரைவார், செதுக்குபவர் மரத்தில் செதுக்குவார், அச்சடிப்பவர் அடிப்பார், பதிப்பாளர் செலவழித்து விற்பார். நிறத்துக்கு நிறம் தனிப் பலகை. அந்த ஆழ்ந்த நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடித்த சாயம், அப்போது ஜப்பானுக்குப் புதிது. நம் பிள்ளைகளுக்கு மரம் வேண்டாம். தெர்மோகோல் தட்டில் பென்சிலால் அழுத்தி வரைந்து, ஸ்பாஞ்சால் போஸ்டர் கலர் ஒற்றி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு விழும். இரண்டு நிறம் முயன்றால் தாள் விலகிவிடும். அதற்கு அந்த ஊர்க் கைவினைஞர்கள் பலகையின் மூலையில் 'கென்தோ' என்று ஒரு பள்ளம் வெட்டி, தாளை அதில் முட்ட வைப்பார்கள். மேசையில் டேப்பை 'L' வடிவ மூலையாக ஒட்டி நீங்களும் அதையே செய்யலாம். நான்கு பிள்ளைகளை ஒரு குழுவாக்கி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் வரைய, ஒருவர் நிறம் ஒற்ற, ஒருவர் தேய்க்க, ஒருவர் காயப்போட. ஒரு படத்தில் எத்தனை பேர் கை என்று தானாகப் புரியும்.

மூன்றாம் வாரம் ஓரிகாமி, தாள் மடிக்கும் கலை. இங்கே கொக்கில் தொடங்கிவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் அழுதுவிடும். நாய் முகம் நான்கு மடிப்பில் வரும். அதைவிட நல்லது 'கபுட்டோ', போர்வீரன் தலைக்கவசம். செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி மடித்தால் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம். மே 5, அங்கே குழந்தைகள் தினம். அன்று வீட்டு மாடியில் துணி மீன்கள் பறக்கும், பிள்ளைகள் தலையில் இந்தக் கவசம் இருக்கும். ஓரம் ஓரத்தோடு சேர வேண்டும், நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து மடிப்பைப் படிய வைக்க வேண்டும். மழலையர் பள்ளி ஆசிரியை சொல்லித்தந்ததெல்லாம் இந்த இரண்டுதான். தவறினால் பிரித்து மறுபடி மடிக்கலாம். தாள் கோபித்துக்கொள்ளாது என்று அவர் சொல்வார்.

கொக்கு என்றால் சடாக்கோவின் கதை கூடவே வரும், அதனால் ஒரு வார்த்தை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாக்கோ சசாக்கிக்கு இரண்டு வயது. 1955இல் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில், மருந்து சுற்றி வந்த தாள்களைக்கூட விடாமல் மடித்தாள். அந்த வருடம் அக்டோபரில் 12 வயதில் இறந்தாள். ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் 1958இல் எழுந்த சிறுவர் நினைவுச் சின்னம், அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் வந்தது. ஆயிரத்தை எட்டாமலே இறந்தாள், மீதியைத் தோழிகள் மடித்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் வடிவம் கதைக்காகச் சேர்த்தது. அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்றுதான் அவள் குடும்பத்தினர் சொல்கிறார்கள். இதை 4, 5 வயதுப் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் சொல்லவே வேண்டாம். எட்டு வயதுக்கு மேல், பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, தனியாகச் சொல்லுங்கள். சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். நம்பிக்கை வைத்தும் அவள் பிழைக்கவில்லை என்பதை மழுப்பினால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

மொமோத்தாரோவை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆற்றில் மிதந்துவரும் பீச் பழத்திலிருந்து பிறந்த பையன், நாய், குரங்கு, காட்டுக்கோழி மூன்றையும் கூட்டிக்கொண்டு 'ஒனி' என்ற அரக்கர்களின் தீவுக்குப் போய்ப் புதையலோடு வருகிறான். ஜப்பானில் தெரியாத பிள்ளையே கிடையாது. பழம் மிதந்து வரும் சத்தம், 'டொன்புராக்கோ டொன்புராக்கோ', அதற்காகவே சொல்லலாம். ஆனால் இரண்டாம் உலகப்போரில் இதே பையனைப் படைத் தளபதியாக்கி, எதிரி நாட்டவரை ஒனியாகக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பிரசாரப் படங்கள் எடுத்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1871இல், ஃபுக்குசாவா யூக்கிச்சி என்ற அறிஞர் தன் இரண்டு மகன்களுக்கு எழுதிக் கொடுத்த பாடங்களில், புதையல் ஒனிக்குச் சொந்தம், அதை எடுக்கவென்றே போன மொமோத்தாரோ திருடன்தானே என்று கேட்டிருக்கிறார். கதையைத் தள்ளிவிட வேண்டாம். சொல்லி முடித்துவிட்டு அந்த அப்பாவின் கேள்வியையும் கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் இதற்கு அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், நல்ல சண்டை.

தவிர்க்க வேண்டியதில் சில. கண்ணை விரலால் இழுத்துக் காட்டும் 'ஜப்பான்காரர்' விளையாட்டு யாராவது ஒரு பிள்ளை தொடங்கும். சிரித்துக் கடந்துவிடாமல், அது அந்த ஊர்ப் பிள்ளைகளை நோகடிக்கும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வண்ணம் தீட்டும் தாள்களில் சீன டிராகனும் சீன விளக்கும் கலந்திருக்கும், பார்த்து எடுங்கள். கிமோனோவில் அணிபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பல படங்களில் தப்பாகத்தான் இருக்கிறது.

ஐந்தாவது சனிக்கிழமை கிடைத்தால் தாருமா பொம்மை செய்யுங்கள். பலூன்மேல் காகிதம் ஒட்டிச் சிவப்படித்து, ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண், நிறைவேறியதும் மறு கண். போதிதர்மரின் உருவம் அது. அவர் தென்னிந்திய அரசன் ஒருவரின் மகன் என்பது மரபு, காஞ்சிபுரத்துக்காரர் என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்கள் மாதம் மார்ச்சில் வந்தால் 3ஆம் தேதி ஹினா பொம்மைப் படிகளைக் காட்டுங்கள். கொலு பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. ஜூலை என்றால் 7ஆம் தேதி தனபாத்தா, வண்ணத் தாளில் ஆசையை எழுதி மூங்கில் கிளையில் கட்டுவது.

நான்காம் வாரத்தை மொட்டை மாடிக்கு வைத்திருங்கள். நிலவில் என்ன தெரிகிறது? வடை சுடும் பாட்டி என்பார்கள். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு முயல், உரலில் மோச்சி இடித்துக்கொண்டிருக்கும். அந்த முயலைப் பற்றிய ஒரு கதை நம் பக்கத்திலிருந்து போனது. புத்த ஜாதகக் கதையில், பசியோடு வந்த முதியவருக்குக் கொடுக்கப் புல்லைத் தவிர ஒன்றும் இல்லாத முயல், தன்னையே உணவாகத் தர நெருப்பில் குதிக்கிறது. பாலி மொழிக் கதையில் நெருப்பு அதைச் சுடவே இல்லை, பனிபோலக் குளிர்ந்திருந்தது. முதியவராக வந்த சக்கரன், அதாவது இந்திரன், உலகம் மறக்காமல் இருக்க முயலின் உருவத்தை நிலவில் வரைந்தான். சுமார் 900 ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானியத் தொகுப்பிலும் இதே கதை, நரியும் குரங்கும் முயலுமாக இருக்கிறது. நிலவுக்கு வடமொழியில் வந்த 'சசி' என்ற பெயரே முயலைக் கொண்டவன் என்ற பொருளில்தான். உங்கள் கூட்டத்தில் ஒரு சசி இருந்தால் அன்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இலையுதிர்காலப் பௌர்ணமிக்கு அங்கே அரிசி மாவு உருண்டைகள் 15ஐக் கோபுரமாக அடுக்கி, கூடவே நாணல்போன்ற புல்லை ஒரு ஜாடியில் வைத்து நிலவுக்கு முன் படைப்பார்கள். நம் கொழுக்கட்டை மாவிலேயே உருட்டிவிடலாம். கீழ்த்தட்டில் ஒன்பது, அதன்மேல் நான்கு, உச்சியில் இரண்டு. பிள்ளைகளே எண்ணி அடுக்குவார்கள். காலண்டரில் பௌர்ணமி எந்தச் சனிக்கிழமையை ஒட்டி வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணி, கஸா ஜிஸோவை அன்றைக்குத் தொடங்குங்கள்.